வாசகர் கேள்விகள்: கூழின் பதம், மருந்தின் அளவு, தூளியின் முடிச்சு

கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. பலவற்றில் கொடுக்கும் பொருள் சரிதான், அளவில்தான் கோளாறு. அதனால் பதில்களில் கிராமும் மில்லியும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மகளுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் முடிகிறது. கேழ்வரகுப் பால் எடுத்துக் கூழ் காய்ச்சலாம் என்றிருக்கிறேன். மாமியாரோ, பதினைந்து சாமான் போட்டு அரைத்த சத்துமாவையே நேராகக் கொடு என்கிறார். எப்படி ஆரம்பிப்பது, எவ்வளவு கொடுப்பது?
— வாசகி, தேனி

கேழ்வரகில் ஆரம்பிக்கலாம். ஆனால் பால் எடுத்துக் காய்ச்சுவதை முதல் பத்து நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணியில் வடிகட்டும்போது சக்கையோடு தோலை ஒட்டிய சத்தும் போய்விடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. அது கிண்ணத்துக்கு வராமல் வடிதுணியிலேயே தங்கினால் என்ன பயன்?

அடுத்த கட்டம் முளைகட்டிய மாவு. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, ஈரத்துணியில் கட்டி ஒன்று அல்லது ஒன்றரை நாள் வைத்தால் முளை விடும். நிழலில் நன்றாக உலர்த்தி, இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, வேரைத் தேய்த்து உதிர்த்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கூடுதல் மாவு போட்டாலும் கூழ் இறுகாது. சின்ன வயிற்றுக்கு இது பெரிய வசதி. ஆறு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே எடையில் கிலோவுக்கு 30 மில்லிதான். சிவக்கச் சிவக்க வறுத்தால் அந்த நொதி அழிந்துவிடும், முளைகட்டிய பாடு வீண்.

தலை தட்டிய இரண்டு மேசைக்கரண்டி மாவை 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாது. கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம் காய்ச்சுங்கள். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீர்போல ஓடாமல் மெல்ல நழுவி விழுவதுதான் பதம். புட்டியில் உறிஞ்சும் அளவுக்கு நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறையும், எடை ஏறாது.

முதல் சில நாள் இரண்டு மூன்று டீஸ்பூன், ஒன்றிரண்டு வேளை போதும். எட்டு மாதத்துக்குள் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதி, இரண்டு மூன்று வேளை. ஒன்பதிலிருந்து பதினோரு மாதம் வரை அதே அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். தாய்ப்பால் இதற்கெல்லாம் கூடவே தொடரும். முதல் வாரம் நாக்கால் வெளியே தள்ளுவாள். பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, விழுங்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

மாமியாரின் சத்துமாவை ஒதுக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பதினைந்தும் ஒன்றாகப் போனால், தடிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூன்று நாளுக்கு ஒரு புதுப்பொருள் என்று பழக்கி, எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு மாவாக அரையுங்கள். முந்திரி, நிலக்கடலை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வருமாறு அரைக்காதீர்கள்.

கேழ்வரகையே நம்பி இருப்பதும் கூடாது. பிறக்கும்போது சேமித்து வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் கரைந்துவிடும், கேழ்வரகு அதை ஈடுகட்டாது. இரண்டாவது வாரத்திலிருந்தே பாசிப்பருப்பு, கீரை மசியல், நன்றாக வெந்த முட்டை வரட்டும். அசைவ வீடென்றால் ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். பருப்பிலும் கீரையிலும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். அரசு சுகாதார நிலையத்தில் ஆறு மாதத்திலிருந்து தரும் இரும்புச்சத்து மருந்தையும் (ஒரு மில்லி, வாரம் இரண்டு முறை) வாங்கிக் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். உப்பு, சர்க்கரை, கருப்பட்டி ஒரு வயதுவரை தேவையில்லை. தேன் அதுவரை ஒரு சொட்டுகூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

ஒன்றரை வயது மகன் சோறு என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கிறான். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், அதுவும் அழுதுகொண்டே. நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள்.
— வாசகி, கோவை

டானிக் வேண்டாம், பாலைக் குறையுங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1000 கலோரி. ஒரு லிட்டர் பாலிலேயே அதில் 600க்கு மேல் போய்விடுகிறது. பிறகு பசி எங்கிருந்து வரும்? பசும்பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பாலிலேயே வளரும் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருந்தாலும் வெளுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 11க்குக் கீழே என்றால் மருந்து தேவைப்படும்.

400 முதல் 500 மில்லிக்குள் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் வீடு ரணகளமாகும். முதலில் நடு இரவுப் புட்டியை நிறுத்துங்கள், பல் சொத்தைக்கும் அதுதான் முதல் காரணம். அடுத்த வாரம் பகல் பாலை டம்ளருக்கு மாற்றுங்கள். டம்ளரில் தானாகவே குறைவாகக் குடிப்பான். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பால் கிடையாது. சாப்பாட்டை இருபது இருபத்தைந்து நிமிடத்தோடு எடுத்துவிடுங்கள். செல்போனைக் காட்டி ஒரு மணி நேரம் ஊட்டினால் பசியும் தெரியாது, நிறைவும் தெரியாது.

மலச்சிக்கலுக்கு வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டும் வேண்டாம், ஆசனவாய் புண்ணாகும். வலிக்குமே என்று பயந்து பிள்ளை அடக்குகிறான், அடக்க அடக்க மலம் இறுகுகிறது. இந்தச் சுழல் உடைய வேண்டும் என்றால் பல வாரம் மலம் இளகலாகவே போக வேண்டும். பப்பாளி, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை, கீரை, தண்ணீர் உதவும். ரத்தம் பட்டால் மருத்துவரிடம் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். நாலு நாளில் சரியானதும் நிறுத்திவிடுவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

காய்ச்சல் மருந்து வீட்டில் மூன்று பாட்டில் இருக்கிறது. ஒன்று சொட்டு மருந்து, ஒன்றில் 125, இன்னொன்றில் 250 என்று போட்டிருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு எதில் எவ்வளவு?
— வாசகர், திருநெல்வேலி

மூன்றும் பாராசிட்டமால்தான், அடர்த்தி வேறு. 125, 250 என்று போட்டிருப்பது 5 மில்லியில் எத்தனை மி.கி. மருந்து என்பதை. வயதைப் பார்த்து அளக்கக் கூடாது, எடையைப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் பிள்ளை 10 கிலோ என்றால் அதிகபட்சம் 150 மி.கி. இது 125 பாட்டிலில் 6 மில்லி, 250 பாட்டிலில் 3 மில்லி, சொட்டு மருந்தில் (மில்லிக்கு 100 மி.கி.) வெறும் ஒன்றரை மில்லி. 'எப்போதும் 5 மில்லிதானே' என்று சொட்டு மருந்தை மூடியில் ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும், ஈரலுக்கு ஆபத்து. இரண்டு தடவைக்கு நடுவே ஆறு மணி நேரம் விடுங்கள், அவசியமென்றால் குறைந்தது நான்கு. 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சமையல் கரண்டியில் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்ச் மருந்துக்கடையில் கிடைக்கும். மூன்று பாட்டிலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது உத்தமம். நடுராத்திரியில் யாரும் லேபிள் படிப்பதில்லை.

சளி மருந்துகளைக் கூடச் சேர்க்காதீர்கள். சிலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருப்பதால் அளவு இரட்டிக்கும். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.

துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீரில். ஐஸ் தண்ணீர் நடுக்கத்தைக் கொடுத்து உள்சூட்டை ஏற்றும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணித்தும் பயனில்லை, வாயில் கரண்டி வைப்பதோ தண்ணீர் விடுவதோ ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் வலிப்பு என்றால் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 பாரன்ஹீட்) தொட்டாலே வீட்டு வைத்தியம் கிடையாது.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொடியில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் கலக்கித் தருகிறோம். சரிதானா?
— வாசகி, விழுப்புரம்

சரியில்லை. பாக்கெட்டுக்குள் உப்பும் குளுக்கோஸும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்பூனில் உப்பே அதிகம் வரலாம், தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வீணாகிறதே என்றிருந்தால் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் வாங்கலாம். பாக்கெட் கிடைக்கும்வரை ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக ஊட்டுங்கள். மடக்மடக்கென்று குடிக்கவிட்டால்தான் திரும்ப எடுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் துத்தநாக மாத்திரை 20 மி.கி., தினம் ஒன்று, 14 நாள். போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலும் சாதமும் வழக்கம்போல. பழச்சாறு, சோடா, குளுக்கோஸ் தண்ணீர் போக்கை அதிகமாக்கும். இளநீரில் சோடியம் குறைவு, அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்து துவண்டு கிடக்கிறது என்றால் உடனே மருத்துவமனை.

தூளியில் போட்டால்தான் தூங்குகிறாள். ஆபத்தா? வயது மூன்று மாதம். அண்ணனுக்கு நாலு வயது.
— வாசகி, தஞ்சாவூர்

பழைய பருத்திச் சேலைதான் நல்லது, நைந்திருக்கக் கூடாது. நைலான், பட்டு வழுக்கி முடிச்சு நழுவும். கொக்கியைப் பெரியவர் ஒருவர் முழு எடையும் போட்டு இழுத்துப் பாருங்கள். தலைப்பக்கத்தில் தொட்டில் கட்டை போட்டுத் துணியை விரித்து வையுங்கள். கட்டையில்லாமல் சுருண்டால் குழந்தையின் தாடை நெஞ்சில் படிந்து மூச்சு தடைபடும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், அடியில் மெத்தை விரியுங்கள். நன்றாகத் தூங்கியதும் பாயில் மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது. புரள ஆரம்பித்துவிட்டால் தூளியை விட்டுவிட வேண்டியதுதான்.

எனக்குக் கவலை தங்கையைவிட அண்ணனைப் பற்றித்தான். காலித் தூளியில் தலையை நுழைத்துச் சுற்றி விளையாடும்போது துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன. குழந்தையை எடுத்த அடுத்த நிமிடம் துணியைச் சுருட்டிக் கொக்கியின் மேலே போட்டுவிடுங்கள், அவன் கைக்கு எட்டக் கூடாது.

தம்பி பிறந்ததிலிருந்து, மூன்று வயது மகள் திரும்பவும் உடையிலேயே சிறுநீர் போகிறாள். அடித்தும் கேட்கவில்லை.
— வாசகர், மதுரை

அடி இதை நீட்டிக்கத்தான் செய்யும். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை: எரிச்சல், காய்ச்சல், வாடை இருந்தால் தொற்றாக இருக்கலாம். மலச்சிக்கலும் பையை அழுத்தும். இவை இல்லையென்றால் தானாக மாறக்கூடியதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முக்கியமாகத் தம்பிக்குப் பால் கொடுக்க உட்காரும் முன்பு, நீங்களே கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். பாலூட்டும் நேரத்துக்கென்று மட்டும் சில விளையாட்டுச் சாமான்கள் ஒரு கூடையில் இருக்கட்டும். தினம் பதினைந்து நிமிடம் அம்மா அவளோடு மட்டும், அந்நேரம் தம்பி உங்கள் மடியில். 'நீ பெரிய பிள்ளை' என்ற பேச்சைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். பள்ளியில் சேர்ப்பதையும் இரண்டு மாதம் தள்ளிப்போட முடியுமா பாருங்கள். இரவில் படுக்கை நனைவது ஐந்து வயதுவரை சகஜம், அதற்கு ரப்பர் ஷீட் போதும்.

சுருக்கமாகச் சில. வசம்பு உரைத்து நாக்கில் தடவலாமா (வாசகி, கரூர்): வேண்டாம், கடும் வாந்தி வந்த குழந்தைகள் உண்டு. மூக்கில் எண்ணெய் விடுவது (வாசகி, நாகர்கோவில்): நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகும். தேங்காயெண்ணெய் உடம்புக்கு மட்டும். கண் மை: கடை மைகளில் ஈயம் இருந்தது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது, கன்னத்துப் பொட்டோடு நிறுத்துங்கள். 10 வாரத் தடுப்பூசி தவறிவிட்டது (வாசகர், சேலம்): முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணையை மட்டும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வரும் புதன்கிழமை தாய் சேய் நல அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.