மண்ணில் அழுகும் செடி தண்ணீரில் பிழைக்குமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மொட்டைமாடித் தொட்டிகளில் எச்சிவேரியா, ஜேட் என்ற சதைப்பற்றுச் செடிகள் வைத்திருக்கிறேன். ஜூன் பிறந்தால் ஒவ்வொன்றாக அழுகிவிடுகின்றன. தண்ணீர் பாட்டிலில் வளர்க்கலாம் என்கிறாள் மருமகள். ஈரத்தில் அழுகுகிற செடி தண்ணீரில் எப்படிப் பிழைக்கும்?

பதில்: மருமகள் சொல்வது சரிதான். ஆனால் தொட்டியிலிருந்து பிடுங்கி வேரோடு பாட்டிலில் போட்டுவிடாதீர்கள். மண்ணில் வளர்ந்த வேர் தண்ணீரில் பெரும்பாலும் குழகுழத்துப் போகும்.

செடியைக் கொல்வது வெறும் ஈரம் இல்லை, காற்றில்லாத ஈரம். என்ன மண் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சித்தூர் வட்டாரத்துக் கரிசலாக இருந்தால் அதுதான் வினை. பருத்திக்கு அருமையான மண். சதைப்பற்றுச் செடிக்கோ எமன். மழையில் களியாக இறுகி, வேரை மூச்சுவிட விடாது, பூஞ்சையும் பிடிக்கும். தண்ணீருக்கென்றே புதிதாக விடும் வேர், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை வைத்தே சமாளித்துக்கொள்ளும்.

எனவே புது வேர் வரவழைக்க வேண்டும். எச்சிவேரியாவின் தலையை ஓர் அங்குலத் தண்டோடு வெட்டி, ஐந்தாறு நாள் நிழலில் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தக்கைபோல் ஆக வேண்டும். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். நானும் இரண்டாம் நாளே வைத்து மூன்று செடிகளைக் கெடுத்திருக்கிறேன். அப்புறம் வாய் குறுகிய பாட்டிலில் உட்கார வையுங்கள். வெட்டுவாய் தண்ணீரைத் தொடக்கூடாது, அரை சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். ஈரப்பதத்தைத் தேடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் வெள்ளை வேர் இறங்கும். இறங்கியபின்பும் கீழ்ப்பாதி நனைந்தால் போதும், மேல்பாதி காற்றிலேயே இருக்கட்டும். ஜேட் கிளைக்கும் இதே முறை. கற்றாழையை மட்டும் விட்டுவிடுங்கள், அது என் கைக்கு வசப்படவில்லை.

உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் உத்தமம். வாரம் ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாளே போதும் என்பதால் பாட்டில் வாயில் இடைவெளி இருந்தால் பஞ்சு வைத்து அடைப்பதும் நல்லது. மாதம் ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்குக் கால் கிராம் கலக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள். நேர் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகிப் பாசி படியும்.

எல்லாவற்றையும் பாட்டிலுக்கு மாற்றத் தேவையில்லை. அழகுக்கு இரண்டு மூன்று போதும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். மற்றத் தொட்டிகளில் கரிசல் இருந்தால் அதை வெளியே கொட்டிவிட்டு, ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு சலித்த செங்கல் ஜல்லி கலந்து நிரப்புங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன் அவற்றை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள்.