பூவில் நிற்பது தேனீயா, ஈயா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் துலுக்கச் சாமந்தியின் மேல், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டையிட்ட சிறு பூச்சி ஒன்று அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று விலகி, மறுபடி அதே பூவுக்கு வருகிறது. குழந்தைகளைக் கொட்டுமா?

பதில்: கொட்டாது, அதற்குக் கொடுக்கே கிடையாது. வேளாண் துறையினர் சிர்பிட் ஈ என்று குறிப்பிடும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தேனீ, குளவி இவற்றின் நிறத்தைப் பூண்டுகொண்டு பறவைகளை ஏய்ப்பதே அதன் பிழைப்பு என்பதால், நிறத்தை வைத்து முடிவு செய்வோர் ஏமாறத்தான் செய்வார்கள். அது பூவில் அமர்ந்திருக்கும்போது சிறகுகளைப் பாருங்கள். தேனீக்கு இரண்டு இணைச் சிறகுகள். ஈக்கு ஓர் இணைதான், பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு முளைகள் மட்டுமே இருக்கும். ஈயின் உணர்கொம்புகள் உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாத அளவுக்குக் குட்டையானவை; தேனீயினுடையவை நீண்டு, முழங்கைபோல் மடிந்திருக்கும். தலையின் பெரும்பகுதியைக் கண்களே அடைத்துக்கொண்டு, உச்சியில் ஒன்றையொன்று தொட்டால், பெரும்பாலும் அது ஆண்.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த ஒரே படத்தைக் கொண்டு இனத்தைச் சொல்ல இயலுமா?

பதில்: குடும்பத்தைச் சொல்லிவிடலாம், இனத்துக்கு ஒரு படம் போதாது. முதுகு, பக்கவாட்டு, முகம் என மூன்று கோணங்கள் வேண்டும். சிறகின் நரம்புகள் தெளிவாக விழுந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் எந்த நரம்போடும் சேராமல் சிறகின் நடுவே ஓடும் ஒரு போலி நரம்பு இக்குடும்பத்துக்கே உரிய அடையாளம். கண்களில் புள்ளியோ கோடோ இருந்தால் எரிஸ்டலினஸ் பேரினமாக இருக்கக்கூடும். அதன் புழு தேங்கிய கழிவு நீரில், வால்போல் நீளும் குழாயால் மூச்சு விட்டு வளர்வது. பூவில் பார்க்கும் அழகுக்கும் பிறந்த இடத்துக்கும் சம்பந்தமே இராது.

கேள்வி: வாழப்பாடியில் எங்கள் அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டத்தின் நடுவே காலில்லாத பச்சைப் புழுக்கள் நெளிகின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில்: அடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவை இதே சிர்பிட் குடும்பத்தின் வேறு ஈக்களுடைய குஞ்சுகள். ஒவ்வொன்றும் வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளை உறிஞ்சித் தீர்க்கும்.

கேள்வி: மாம்பூவில் ஈ மொய்க்கிறது. விரட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மாவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களின் பங்கே பெரிது. தத்துப்பூச்சிக்குத் தெளிப்பதாயினும் பூ விரியும் முன்பே தெளித்துவிடுங்கள். விரிந்த பிறகு தெளிப்பானை எடுக்காதீர்கள்.