டேப்லெட் முதலில் யார் கைக்கு?

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வரும் ஜூன் மாதம் 6 முதல் 9 ஆம் வகுப்பு வரை ஒரு பள்ளியைத் தொடங்குகிறோம். பிரிவுக்கு 40 பேர் வீதம் எட்டுப் பிரிவுகள் இருக்கும். திறப்பு நாளிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டேப்லெட் கொடுத்துவிட வேண்டும் என்பது அறக்கட்டளை உறுப்பினர்களின் விருப்பம். சேர்க்கை விளம்பரத்திலும் அதைப் போட்டுவிட்டோம். எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கலாம்? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– பள்ளித் தாளாளர்

பதில்: எந்த நிறுவனம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு முதலில் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்தத் திட்டம் உங்கள் பள்ளியில் நிலைக்கும். முதல் டேப்லெட்டுகள் ஆசிரியர்களுக்கே போக வேண்டும், அதுவும் பள்ளி திறப்பதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பாகவே போக வேண்டும் என்பது என் கருத்து. புதிய பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் புதியவர்கள். பாடவேளை அட்டவணை இன்னும் படியவில்லை. பிள்ளைகளின் பெயர்கூட மனத்தில் நிற்காத நேரம் அது. அந்த ஜூன் மாதத்தில் 320 கருவிகளையும் ஒருசேர இறக்கினால், கடவுச்சொல்லை மறந்தவர், சார்ஜ் போடாமல் வந்தவர், திரை அசையாமல் நின்றுபோனவர் என்று ஒவ்வொருவரையும் சரிசெய்வதிலேயே 45 நிமிடப் பாடவேளையின் முதல் கால் மணி நேரம் கரைந்துவிடும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2002 இல் அரசுப் பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி கொடுத்தது. எட்டாம் வகுப்பை அதற்கடுத்த ஆண்டுதான் சேர்த்தது. மாநில அரசே செலவை ஏற்ற திட்டத்துக்கு அந்தப் பொறுமை இருந்தது. இதற்கு நேர்மாறானது லாஸ் ஏஞ்சலிஸ். நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட திட்டத்தின்கீழ் 2013 இல் ஐபேடுகளை வழங்கத் தொடங்கியதும், சில நாட்களிலேயே ஏறத்தாழ 300 மாணவர்கள், பள்ளி கருவியைக் கட்டுப்படுத்துவதற்காக அதில் வைத்திருந்த மேலாண்மை அமைப்பை நீக்கிவிட்டு, பள்ளி தடுத்திருந்த தளங்களுக்குள் தாராளமாகப் போய்வந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவது உடனே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஒப்பந்தமே நிறுத்திவைக்கப்பட்டது. மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பூட்டு அவ்வளவு எளிதாகக் கழன்றது. கருவியோடு விற்கப்பட்ட பாடப்பொருள் அப்போது முழுமையடையாமலே இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பெரு நாட்டு அனுபவத்தையும் உங்கள் உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று பெருமளவில் வழங்கிய நாடு அது. அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 பள்ளிகளை எடுத்துப் பார்த்து 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கணினி வந்தது, கற்பிக்கும் முறை பழையபடியே இருந்தது.

இனி கட்டடத்துக்கு வருவோம். 15 வாட் சார்ஜரில் ஒரு பிரிவின் 40 டேப்லெட்டுகளை ஒரே நேரத்தில் போட்டால் 600 வாட். எட்டுப் பிரிவுகளுக்கு 4.8 கிலோவாட். அனுமதிக்கப்பட்ட மின்சுமையில் இதற்கு இடம் இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேளுங்கள். சுவர்களுக்குப் பூச்சு முடிவதற்கு முன்பே கேட்டால் செலவு குறையும். வகுப்பறையில் நீட்டிப்புப் பலகைகளைத் தரையில் பரப்பி 40 சார்ஜர்களைச் செருகுவது ஆபத்து. காற்றோட்டமும் பூட்டும் உள்ள சார்ஜிங் அலமாரி பிரிவுக்கு ஒன்று வேண்டும்.

வைஃபைக்கு வீட்டில் வைக்கும் ரவுட்டர் போதாது. வகுப்பறைக்கு ஒரு வைஃபை இணைப்புப் புள்ளி (ஆக்சஸ் பாயிண்ட்), அந்தப் புள்ளி வரை கம்பிவடம் என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். 20 எம்பி அளவுள்ள ஒரு பாடக் காணொளியை 40 பேரும் தனித்தனியே இறக்கினால் 800 எம்பி ஆகிறது; இரண்டு பிரிவுகள் சேர்ந்து செய்தால் உங்கள் ஊர் இணைய இணைப்பு திணறிவிடும். அதனால், பாடப்பொருளைப் பள்ளியிலேயே உள்ள ஒரு சிறிய கணினியில் ஒருமுறை இறக்கி வைத்து, அங்கிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். கோலிப்ரி போன்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, இணையம் அறுந்த நாளிலும் வேலை செய்யும்.

விலைப்பட்டியல் கேட்கும்போது டேப்லெட்டின் விலையோடு உறை, மேலாண்மை மென்பொருளின் ஆண்டுக் கட்டணம், அலமாரி, பிரிவுக்கு மூன்று உபரிக் கருவிகள், உடைந்த திரையை மாற்றும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து நான்காண்டுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பாதுகாப்புப் புதுப்பித்தல் எந்த ஆண்டு வரை வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மலிவான கருவிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் காலை வாரும்.

விளம்பரம் பற்றி: திறப்புக்கு முன் ஆசிரியர்கள், முதல் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு, அதன்பின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வகுப்பு என்ற கால அட்டவணையை அச்சிட்டுச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். காரணத்தையும் அதிலேயே எழுதினால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காதவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருங்கள்.

கேள்வி: புதிய பள்ளி ஒன்றில் கணித ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பாடவேளையிலும் டேப்லெட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. எனக்கோ கரும்பலகையும் குறிப்பேடும் போதும் என்று தோன்றுகிறது. என் எண்ணம் பழமைவாதமா?
– கணித ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இல்லை. கணக்கை வரிவரியாகக் கையால் போட்டுப் பழகுவதற்குக் குறிப்பேட்டை மிஞ்சிய கருவி கிடையாது. ஆனால், கரும்பலகையால் முடியாத இரண்டு வேலைகளை டேப்லெட் செய்யும்; அந்த இரண்டுக்கு மட்டும் அதை எடுங்கள்.

ஒன்று, அசையும் வடிவங்கள். ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணத்தை வரைந்து மூன்று கோணங்களின் அளவையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒரு முனையை விரலால் பிடித்து இழுக்கும்போது 62, 71, 47 என்றிருந்தவை கணத்துக்குக் கணம் மாறுகின்றன, கூட்டுத்தொகை மட்டும் 180 ஐ விட்டு நகர மறுக்கிறது. எவ்வளவு கோணலாக இழுத்தாலும் அதை உடைக்க முடியவில்லை என்று பிள்ளைகள் கண்டபிறகு, “ஏன் மிஸ்?” என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அப்போது டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு நிரூபணத்தைக் கரும்பலகையில் போடுங்கள்.

இரண்டு, எல்லாரும் என்ன நினைக்கிறார்கள் என்பதை உடனே அறிவது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு என்று டேப்லெட் வழியே கேட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கத் தரும் விடைகளில் ஒன்றாக ஐந்தில் இரண்டையும் வையுங்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுபவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பது இரண்டு நிமிடத்தில் உங்கள் திரையில் வந்துவிடும். கை தூக்கச் சொன்னால் முதல் வரிசைதான் தூக்கும். கடைசி வரிசையில் தவறாகப் புரிந்துகொண்டவர் பருவத் தேர்வு வரை உங்களிடம் சிக்க மாட்டார்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடவேளைகளில், பாடவேளைக்குப் பதினைந்து நிமிடம் இப்படிப் போனால் போதுமானது. நிர்வாகத்திடம் பாடக்குறிப்பையே காட்டிப் பேசுங்கள். டேப்லெட் இருந்த நேரத்தையும் அதனால் தெரிய வந்ததையும் அருகருகே எழுதிக் காட்டினால் வாதம் எளிதாகும்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த டேப்லெட்டைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். வீட்டுப்பாடம் என்று சொல்லி இரவு பதினோரு மணி வரை அதைப் பார்க்கிறாள். பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் மகளுடன் சண்டையைத் தொடங்குவதற்கு முன் பள்ளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பதினோரு மணி வரை செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் உண்மையிலேயே இருக்கிறதா? கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புகளுக்காக மத்தியக் கல்வித் துறை 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களுக்கே அதுதான் அளவென்றால், பகல் முழுதும் வகுப்பில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு இரவில் அதற்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

கருவி பள்ளியுடையது என்பதால் அதன் கட்டுப்பாடும் பள்ளியிடம் இருக்கிறது. இரவு எட்டரை மணிக்குப் பின் டேப்லெட் தானாகவே பூட்டிக்கொள்ளும்படி மேலாண்மை மென்பொருளில் நேரம் வைப்பது பல மென்பொருள்களில் சில நிமிட வேலை. நீங்கள் ஒருவராகக் கேட்டால் தள்ளிப்போடுவார்கள், பத்துப் பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிள்ளையின் பெயரில் எந்தெந்தச் செயலிகளில் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியலையும் கூடவே கேட்டு வாங்குங்கள். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் படிக்காமல் போட்ட கையெழுத்து எதற்கெல்லாம் என்று பாருங்கள்.

வீட்டில், டேப்லெட் சார்ஜ் ஏறும் இடம் கூடமாக இருக்கட்டும். உங்கள் கைபேசியும் அங்கேயே இருந்தால் மகள் மறுத்துப் பேச இடமிருக்காது.

கேள்வி: டேப்லெட்டில் தமிழ்க் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறார்கள். இதை மாற்ற வழி உண்டா?
– தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: முதல் வாரத்திலேயே தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிடுங்கள். 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். மகரம் இரட்டிக்கும்போது முதல் மகரத்துக்குப் புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதைப் பிள்ளை விரலாலேயே உணர்வதால் இலக்கண வகுப்புக்கும் உதவும். ஐபேடில் இது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கருவிகளுக்குச் செல்லினம் செயலியை நிறுவச் சொல்லி, எல்லாக் கருவிகளிலும் ஒரே விசைப்பலகை இருக்கும்படி பள்ளியின் கணினிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தேர்வு இன்னும் தாளில்தான் என்பதால், வாரம் ஒரு கட்டுரையாவது பேனாவால் எழுதட்டும்.