ஐரோப்பாவில் யாரோ ஓட்டும் சைக்கிள் பந்தயத்தை தர்மபுரியில் உட்கார்ந்து வரைபடத்தில் புள்ளிகளாகப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

கேள்வியில் இன்னொரு பாதியும் இருந்தது. நேரலையே இல்லாத பந்தயத்துக்கு எப்படி ரசிகராக இருக்க முடியும், புதிதாகப் பார்க்க வருகிறவர் எங்கே தொடங்கலாம் என்று. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்த மாதிரிப் பந்தயம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். டூர் டி பிரான்ஸ் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒவ்வொரு அணிக்கும் பின்னால் கார் வரும், டயர் போனால் மெக்கானிக் இறங்கி ஓடி வருவார், ராத்திரி ஹோட்டலில் தூங்கி எழுந்து மறுநாள் புதிதாகக் கிளம்புவார்கள். நான் பல வருடமாகப் பார்ப்பது அதற்கு நேர் எதிரானது. கிளம்பும் இடம் ஒன்று, முடியும் இடம் ஒன்று, நடுவில் கடிகாரம் நிற்கவே நிற்காது. தூங்கினாலும் ஓடும், சாப்பிட்டாலும் ஓடும். சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம், பஞ்சர் எல்லாமே ஓட்டுகிறவர் பாடு. கடையில் காசு கொடுத்து வாங்கலாம், லாட்ஜில் அறை எடுக்கலாம். யாருக்கும் திறந்திருக்கிற எதையும் பயன்படுத்தலாம். ஆனால் தெரிந்தவர் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரக் கூடாது. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவாக ஓட்டவும் கூடாது. இத்தனைக்கும் பெரிய பந்தயங்களில்கூடப் பரிசுப் பணம் கிடையாது.

இவற்றில் இரண்டை நான் விடாமல் பார்க்கிறேன். ஒன்று டூர் டிவைட். ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கிற காலத்தில், கனடாவின் பான்ஃப் நகரத்தில் கிளம்புவார்கள். ராக்கி மலைத்தொடரையே பிடித்துக்கொண்டு தெற்கே வந்து அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் முடிப்பார்கள். சுமார் 4,400 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் பாதை. இன்னொன்று டிரான்ஸ்கான்டினென்டல். ஆடி மாதத்தில், நம் ஆட்கள் ஒகேனக்கல்லுக்கு ஆடிப்பெருக்குக்குக் கிளம்பும் நாட்களில், ஐரோப்பாவைக் குறுக்காகக் கடக்கும் சுமார் 4,000 கிலோமீட்டர் பந்தயம். மைக் ஹால் என்ற இங்கிலாந்துக்காரர் 2013இல் தொடங்கியது. முதல் வருடம் லண்டனிலிருந்து இஸ்தான்புல் வரை போனார்கள்.

சரி, திரையில் என்ன தெரியும்? ஒவ்வொருவரிடமும் சின்ன டிராக்கர் கருவி இருக்கும். இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் வழியாகக் கண்டுபிடித்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். டிராக்லீடர்ஸ் போன்ற தளங்களின் வரைபடத்தில் அது பெயரோடு ஒரு புள்ளியாக நகரும். அவ்வளவுதான். முகம் தெரியாது, சத்தம் கேட்காது. இதைப் பார்க்கிறவர்களுக்கு உலகம் முழுக்க டாட் வாட்சர் என்றுதான் பேர்.

இதில் சுவாரசியம் எங்கே என்று கேட்டால், என் பதில்: நகரும் புள்ளியில் இல்லை, நிற்கும் புள்ளியில். நகர்கிறவர் மிதித்துக்கொண்டிருக்கிறார், அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் இல்லை. நின்றவர் ஏதோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அல்லது ஏதோ ஒன்று அவருக்காக முடிவு எடுத்துவிட்டது. அது என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் என் காலைப் பொழுதெல்லாம் போகிறது.

2019 டிரான்ஸ்கான்டினென்டல் நடந்தபோது என் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். "மாமா, இந்தப் புள்ளி ரொம்ப நேரமா அங்கேயே இருக்கு, தூங்குறாரா?" என்றாள். "மேப்பை பெருசாக்கிப் பாரு கண்ணு, பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லு" என்றேன். பெரிதாக்கினாள். பெட்ரோல் பங்க். ஐரோப்பாவில் பல நாடுகளில் பங்க்கோடு சேர்ந்து கடையும் இருக்கும். "அப்ப சாப்பிடுறாரு" என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் அடைத்துவிடுவார்கள், பங்க் கடைதான் கதி. ராத்திரி இரண்டு மணிக்கும் டீயும் பன்னும் கிடைக்கிற என்எச் 44 ஓரத்தில் வளர்ந்த நமக்கு, பணம் இருந்தும் வாங்க இடம் இல்லாமல் நூறு கிலோமீட்டர் போவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்கவே நேரம் பிடிக்கும்.

நேர வித்தியாசமும் நமக்கு உதவுகிறது. கோடையில் நடு ஐரோப்பா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். நாம் ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்க்கும்போது அங்கே ஒன்றரை. தூங்கலாமா, இன்னும் ஒரு மலையைத் தாண்டிவிடலாமா என்று ஓட்டுகிறவர்கள் தத்தளிக்கும் நேரம். ஐரோப்பிய ரசிகர்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பந்தயத்தின் முக்கியமான மணி நேரம் நம் காபி நேரத்தில் வருகிறது.

அந்த 2019 டிரான்ஸ்கான்டினென்டலில் பல்கேரியாவின் பர்காஸில் கிளம்பி பிரான்ஸின் பிரெஸ்டில் முடித்தார்கள். ஃபியோனா கோல்பிங்கர் என்ற 24 வயது ஜெர்மன் பெண், புற்றுநோய் ஆராய்ச்சி செய்பவர், இந்த மாதிரிப் பந்தயத்துக்கே அதுதான் முதல் தடவை. 10 நாள் 2 மணி 48 நிமிடத்தில், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து முதலிடம். இந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண் அவர்தான். எனக்குப் பிடித்தது அவர் நின்ற விதம். ராத்திரி கொஞ்சம் தூங்கி எழுவார், பகலில் அநாவசியமாக நிற்க மாட்டார். அக்கா மகள் அந்தப் பத்து நாளும் எழுந்ததும் செல்போனை என்னிடமிருந்து பிடுங்கிப் பார்த்தாள். கடைசி நாட்களில் நான் விளக்கவே தேவையில்லாமல் போய்விட்டது.

புள்ளி பின்னால் போனால் என்ன அர்த்தம்? இதற்கு 2016இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். டிரான்ஸ் ஆம் பந்தயம், அமெரிக்காவின் பசிபிக் கரையில் அஸ்டோரியாவிலிருந்து அட்லாண்டிக் பக்கம் யார்க்டவுன் வரை, ஏறக்குறைய 6,800 கிலோமீட்டர். கடைசி இரவில் ஸ்டெஃபன் ஸ்ட்ரைக் முன்னால், லேல் வில்காக்ஸ் பின்னால் துரத்துகிறார். ஸ்ட்ரைக் கொஞ்ச நேரம் படுத்து எழுந்து, தூக்கக் கலக்கத்தில் வந்த வழியிலேயே திரும்பி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். இருட்டில் எதிரே ஒரு சைக்கிள் விளக்கு வருகிறது. அது லேல். இத்தனை நாள் தனித்தனியாக ஓட்டியவர்கள் நடுரோட்டில் நேருக்கு நேர். சேர்ந்தே போய் முடித்துவிடலாமா என்று ஸ்ட்ரைக் கேட்டாராம். இது பந்தயம், முடியாது என்று சொல்லிவிட்டு லேல் மிதித்தார். 18 நாள் 10 நிமிடம். அந்தப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக முதலில் வந்த முதல் பெண். அந்த இரவில் வரைபடத்துக்கு முன்னால் விழித்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது. 4,000 மைல் தாண்டி, இரண்டு புள்ளிகள் எதிரெதிரே நெருங்குவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

நின்ற புள்ளியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. 2017 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமான்டிலிலிருந்து சிட்னி வரை இந்தியன் பசிபிக் வீல் ரேஸ் நடந்தது, சுமார் 5,500 கிலோமீட்டர். பெல்ஜியத்தின் கிறிஸ்டோஃப் அலெகார்ட் முதலில், மைக் ஹால் இரண்டாவதாக. மார்ச் 31, விடியும் முன், கான்பராவுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் மைக் ஹால் மீது கார் மோதியது. அங்கேயே இறந்துவிட்டார். பந்தயத்தை அன்றே ரத்து செய்தார்கள். இந்த விளையாட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவர். 2012இல் யாருடைய துணையும் இல்லாமல் உலகத்தைச் சுற்றி வந்தவர். டிரான்ஸ்கான்டினென்டல் அவருக்குப் பிறகும் நடக்கிறது. எனக்குப் பயம் மட்டும் போகவில்லை. என்எச் 44இல் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டியவர்களுக்கு, குறிப்பாகத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து விபத்தாவதைச் செய்தியில் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, இந்தப் பயத்தை விளக்க வேண்டாம். ஒரு புள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில், பக்கத்தில் கடையோ ஊரோ இல்லாத இடத்தில் நின்றால், அது நகரும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது. பெரும்பாலும் டிராக்கரில் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைத்திருக்காது. அது தெரிந்தும்தான்.

அடுத்தது வழி. டூர் டிவைடில் பாதை முன்பே முடிவானது, எல்லோரும் ஒரே தடம். அதனால் தூக்கமும் சாப்பாடும்தான் அங்கே ஆட்டம். டிரான்ஸ்கான்டினென்டலில் கன்ட்ரோல் பாயின்ட் என்று குறித்து வைத்த சில இடங்களைத் தொட வேண்டும், குறிப்பிட்ட சில சாலைத் துண்டுகளைக் கட்டாயம் ஓட்ட வேண்டும், மற்றபடி இடையில் எந்த வழி என்பது அவரவர் விருப்பம். தர்மபுரியிலிருந்து ஓசூருக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகப் போவதா, கிருஷ்ணகிரி போய் நெடுஞ்சாலையைப் பிடிப்பதா என்று நம் வீடுகளில் நடக்கிற விவாதம் உங்களுக்குத் தெரியும். அதையே 4,000 கிலோமீட்டருக்கு, ஏற்றம், காற்று, லாரிப் போக்குவரத்து, கடைகள் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள். முதல் நாள் ஒன்றாக இருந்த புள்ளிகள் ஒரு மலைக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி சேரும்போது யார் முன்னால் வருகிறார் என்று பார்ப்பதில் இருக்கிற படபடப்பு எனக்குக் கிரிக்கெட்டில்கூடக் கிடைத்ததில்லை.

கிறிஸ்டோஃப் ஸ்ட்ராஸர் என்ற ஆஸ்திரியர் 2022இல் டிரான்ஸ்கான்டினென்டலுக்கு வந்தபோது இந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது. ரேஸ் அக்ராஸ் அமெரிக்காவை ஆறு முறை வென்றவர். ஆனால் அது உதவிக் குழு வண்டியோடு கூடவே வரும் பந்தயம். வழி சொல்ல, ஊட்டிவிட ஆள் இருந்த மனிதர் தனியாக வழி கண்டுபிடித்து, கடை தேடிச் சமாளிப்பாரா? சமாளித்தார். 2022, 2023 இரண்டு வருடமும் அவர்தான் முதல்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை: முன்னணியில் இருப்பவரை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். பட்டியலில் நடுவிலிருந்து ஒருவர், கடைசிப் பக்கத்திலிருந்து ஒருவர் என்று சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். முதலில் வருபவர் பத்து நாளில் முடித்த பிறகும் பின்னால் இருப்பவர்கள் இன்னும் ஒரு வாரம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத்தான் வெயில், மழை, வயிற்றுக் கோளாறு எல்லாம் முழுதாகக் கிடைக்கும். அவர்கள் புள்ளி ஒரு நாள் ரயில் நிலையத்தில் நின்றால் பந்தயத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம். நின்ற புள்ளி மறுபடி சாலைக்குத் திரும்பினால் அன்று முழுக்க எனக்கு நல்ல நாள். அப்புறம், வரைபடத்தில் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பகுதியையும் திறந்து வையுங்கள். மணிக்கு எட்டு கிலோமீட்டர் என்று காட்டினால் ஆள் சோர்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம், வத்தல்மலை ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த வேகத்தின் மதிப்பு புரியும். புள்ளி மலையை நேர்கோட்டில் தாண்டியது போலத் தெரிந்தால் அது இரண்டு சிக்னலுக்கு நடுவே விழுந்த இடைவெளி.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் நம் பக்கமே வாய்ப்பு உண்டு. பெங்களூரு ஆட்கள் நடத்தும் பிரெவே என்ற நீண்ட தூர சைக்கிள் சவாரிகளில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வரும் தடங்களும் இருக்கின்றன. அது பந்தயம் இல்லை, முதலிடம் என்று ஒன்று கிடையாது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தர்மம் அதேதான். ராத்திரியில் ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அட்டையில் முத்திரை வாங்குவார்கள். சில இடங்களில் ஏடிஎம் சீட்டோ கடை பில்லோதான் சாட்சி.

அப்படி யாரையாவது பார்க்கப் போனால் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஊர்க்காரர்கள் நாம், களைத்து வருகிறவரைப் பார்த்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டத்தான் கை போகும். ரசிகர் முன்கூட்டியே காத்திருந்து கொடுப்பது வெளி உதவி. பந்தயமாக இருந்தால் அவர் நேரமும் இடமும் பறிபோகலாம், பல வருடப் பயிற்சி வீணாகலாம். கைதட்டுங்கள், பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முன்னால் டீக்கடை திறந்திருக்கிறதா என்று அவராகக் கேட்டால், ரோட்டில் போகிற யாருக்கும் சொல்வதுபோலச் சொல்லலாம். பைக்கில் பின்னாலேயே போய் வெளிச்சம் காட்டாதீர்கள், முன்னால் போய்க் காற்றை மறைக்காதீர்கள், இரண்டும் உதவிக் கணக்கில்தான் வரும். படுத்திருந்தால் எழுப்பாதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று அவர் ஏற்கெனவே அலாரம் வைத்திருப்பார்.