மிச்ச உல்லனில் என்ன செய்யலாம்? வாசகிகள் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பேரப்பிள்ளைகளுக்குத் தொப்பி, காலுறை என்று குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டது போக மிஞ்சிய உல்லன் இரண்டு பை நிறையக் கிடக்கிறது. கொஞ்சம் பருத்தி நூலும் உண்டு. கலர் கலராகப் பிரித்து வைத்துப் பார்த்தேன், எந்தக் கலரும் ஒரு பொருளுக்குக் காணாது. தூரப் போடவும் மனசு வரவில்லை. (தக்கலை வாசகி)

பதில்: தூரப் போடவே போடாதீர்கள். ஆனால் கலர் பார்த்துப் பிரித்ததை முதலில் கலைத்துவிடுங்கள், பிரிக்க வேண்டியது நூலின் ரகத்தைப் பார்த்து. நாம் கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குவதில் முக்கால்வாசி ஆட்டு ரோமமே கிடையாது, அக்ரிலிக். லேபிள் தொலைந்துபோயிருந்தால் ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே எவர்சில்வர் தட்டு வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். அக்ரிலிக் உருகி, ஆறினதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகிவிடும். ஆட்டு ரோமம் என்றால் தலைமுடி பொசுங்குகிற நாற்றம் வரும், தீயை எடுத்தால் தானாக அணையும். சந்தேகமாக இருப்பதை எல்லாம் அக்ரிலிக் பக்கமே போட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மிச்ச நூல் என்றதும் பலரும் முதலில் போடுவது அடுப்படிக்குப் பிடிதுணி. அக்ரிலிக்கில் போட்ட பிடிதுணியால் கொதிக்கிற மீன் சட்டியைப் பிடித்தால் நூல் இளகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பிடிதுணிக்கும் சட்டி இறக்கி வைக்கிற விரிப்புக்கும் பருத்தி மட்டும்தான், அதுவும் இரட்டையாகப் போட்டு நாலு பக்கமும் தைத்தது.

சரி, அக்ரிலிக்கை என்ன செய்ய? வாசலில் போடுகிற மிதியடி செய்யுங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பருத்தி மிதியடி தண்ணீரைக் குடித்துவிட்டு நாள் கணக்கில் நாறிக்கொண்டு கிடக்கும். அக்ரிலிக் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது, உதறிப் போட்டால் காய்ந்துவிடும். சுண்டுவிரல் கனத்தில் தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு) வாங்கிக்கொள்ளுங்கள். கயிற்றின் நுனியைச் சுருட்டிப் பிடித்து, கோணி ஊசியில் உல்லனைக் கோர்த்து, கயிற்றின் மேல் ஐந்தாறு சுற்று, அப்புறம் உள்வட்டத்தில் குத்தி இழுத்து ஒரு தையல், மறுபடி சுற்று, இப்படியே வட்டமாக வளர்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். நூல் தீர்ந்த இடத்தில் அடுத்த கலரைச் சேர்த்துச் சுற்றினால் முடிச்சு கயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இடையிடையே கயிறு வெளியே தெரிய விட்டால் கால் மண்ணையும் சுரண்டும். கலர் பொருந்துமா என்று கவலைப்படாதீர்கள். கடைசி இரண்டு வட்டத்தை மட்டும் ஒரே அடர்ந்த கலரில் முடியுங்கள், உள்ளே எத்தனை கலர் கிடந்தாலும் சேர்த்துப் பிடித்துவிடும். சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கிற விரிப்புக்கும் இதே யோசனைதான்.

கேள்வி: கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பிள்ளைகளே உல்லனில் ஆட்டுக்குட்டி செய்ய வேண்டும் என்கிறார்கள். பின்னத் தெரியாத பிள்ளைகள். முடியுமா? (கருங்கல் வாசகி)

பதில்: தாராளமாக. வெள்ளை, சந்தனக் கலர், லேசான பழுப்பு எல்லாவற்றையும் கலந்தே எடுங்கள், ஒரே வெள்ளையாக இருந்தால் பொம்மைக் கடை ஆடு மாதிரிதான் தெரியும். நாலு விரலில் ஒரு எண்பது சுற்று சுற்றி, விரலிலிருந்து கழற்றி, நடுவில் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கட்டுவதற்கு உல்லனையே எடுத்தால் அது இழுபட்டு நீண்டு முடிச்சு தளர்ந்துவிடும். இரண்டு பக்கத்து வளையத்தையும் வெட்டி, கத்தரிக்கோலால் உருட்டி நறுக்கினால் உடம்பு ரெடி. இரண்டு விரலில் சுற்றினால் தலை. காதுக்குக் கறுப்புத் துணித் துண்டு, காலுக்கு ஈர்க்குச்சி. குடிலில் சீரியல் பல்பு மட்டும் போடுங்கள். மெழுகுவர்த்தியை எட்டவே வையுங்கள், அக்ரிலிக்கும் வைக்கோலும் ஒன்றாக இருக்கிற இடம் அது.

கேள்வி: அம்மா லேஸ் போட்டவர்கள். அவர்கள் விட்டுப்போன மெல்லிய வெள்ளை நூல்கண்டுகள் பாதியும் முக்காலுமாக இருக்கின்றன. எனக்கு லேஸ் வராது, குரோஷா மட்டும் தெரியும். (முளகுமூடு வாசகி)

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உங்கள் ஊர்க் கன்னியர் மடத்திலும் அந்த வேலை வளர்ந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் அந்த நூலில் வந்தது, அதனால் உங்கள் அம்மாவின் நூலை விரிப்புக்கும் மிதியடிக்கும் செலவழிக்காதீர்கள். மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்தால் சாதாரண குரோஷா நூல் கனத்துக்கு வரும். அதில் விரலகலக் கரை போடுங்கள். நேரியதின் (மேல்துண்டின்) ஓரத்துக்கு, கைக்குட்டைக்கு, புதுநன்மை (முதல் நற்கருணை) எடுக்கிற பேத்தியின் முக்காட்டுக்கு நன்றாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் பின்னுவதற்கு முன் கண்டைத் தளர்வான கழியாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்ததும் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அந்தக் கண்டு இற்றுவிட்டது, அதில் கரை போட்டால் உழைப்பு வீண்.

கேள்வி: ஒரு சாண்கூட இல்லாத துண்டு நூல்களைக் குருவி கூடு கட்டட்டும் என்று மரத்தில் போடலாமா? (குலசேகரம் வாசகி)

பதில்: வேண்டாம். நல்ல எண்ணம்தான், ஆனால் நூல் குஞ்சின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும், வளர வளர இறுகும். ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், நிறைந்ததும் பொம்மைக்கும் ஊசிமெத்தைக்கும் உள்ளே திணிக்கலாம். கைக்குழந்தை விளையாடுகிற பொம்மை என்றால் தையலை நெருக்கமாகப் போடுங்கள், கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலிலேயே தைத்துவிடுங்கள்.