இலையில் ஒட்டியிருக்கும் பழுப்புச் செதில்கள் பூச்சியா, நோயா? மாவுப்பூச்சியும் இதுவும் ஒன்றா?

பூச்சிதான். ஆனால் மாவுப்பூச்சி வேறு, இது வேறு. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் (பழுப்பு நிறம், தட்டையான முட்டை வடிவம், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், இலை பிசுபிசுப்பது) அநேகமாகப் பழுப்பு மென்செதில் பூச்சி. அறிவியல் பெயர் காக்கஸ் ஹெஸ்பெரிடம்.

முதன்முதலில் இதைப் பார்த்தபோது நானும் செடிக்கு ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன். எலுமிச்சைச் செடி அது. இலையின் நடுநரம்பை ஒட்டி வரிசையாகப் பொருக்குகள். ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து லென்ஸை வைத்துப் பார்த்தேன். அடியில் மஞ்சள் தூசி மாதிரி ஏதோ இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தூசி ஆறு கால்களோடு நடக்க ஆரம்பித்தது. தாயின் வயிற்றுக்குக் கீழே ஒண்டியிருந்த குஞ்சுகள்! அன்றிலிருந்து இந்தப் பூச்சியை விட மனம் வரவில்லை.

நெம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கவசச் செதில் பூச்சி என்று இன்னொரு குடும்பம் உண்டு. அதில் மேலே இருக்கும் மூடி தனியாகக் கழன்று வரும், பூச்சி அடியிலேயே இருக்கும். மூடி என்பது மெழுகும் பழைய தோலும் சேர்ந்த ஒரு கூரை, அவ்வளவுதான். மென்செதிலுக்கு அப்படித் தனிக் கூரை கிடையாது. அதன் முதுகுதான் ஓடு. மாவுப்பூச்சியை ஓடில்லாத மென்மையான உடலும் மேலே படிந்த வெள்ளை மாவுமே காட்டிக்கொடுத்துவிடும்.

சந்தேகம் தீரவில்லையா? பின்பக்கத்தைப் பாருங்கள். உடலின் பின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். அது முடிகிற இடத்தில் இரண்டு சின்ன முக்கோணத் தகடுகள், கதவு சாத்தியது போல. காக்சிடே என்ற இந்தக் குடும்பத்தின் முத்திரையே அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும்கூட உறவு.

அந்தக் கதவு எதற்கு என்று புரிந்துவிட்டால் இதன் வாழ்க்கையே புரிந்துவிடும். மயிர் போன்ற வாயுறுப்பைத் திசுவுக்குள் செலுத்தி, இலையில் தயாரான உணவு ஓடும் குழாயிலிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கான சத்து சொற்பம். தேவையான சத்துக்காக நிறையக் குடித்தாக வேண்டும், மிஞ்சும் சர்க்கரைத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். தகடுகள் திறக்கும், ஒரு துளி வெளியே வரும். எறும்பு இருந்தால் அதை வாங்கிக்கொள்ளும், பதிலுக்கு எதிரிகளை விரட்டும். எறும்பு இல்லாவிட்டால் துளி கீழ் இலைகளில் விழும். நீங்கள் சொன்ன பிசுபிசுப்பு அதுதான். அதில்தான் கரும்பூசணம் வளர்கிறது. கரும்பூசணம் இலைக்குள் புகுவதில்லை, மேலே படிந்து வெளிச்சத்தை மறைக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும்.

இனப்பெருக்கம் இன்னும் ஆச்சரியமானது. இந்த இனத்தில் ஆணைக் காண்பதே அரிது. இணை சேராமலேயே பெண், பெண்களைப் பெறுகிறது. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே முதிர்ந்து, வெளியே வந்த சிறிது நேரத்தில் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஓரிரு நாள் அலைந்து இடம் பிடிக்கும். அப்புறம் பெரும்பாலும் அங்கேயேதான் வாழ்க்கை. பெண்ணுக்கு இறக்கை முளைப்பதே இல்லை, கால்கள் மட்டும் சிறிதாக எஞ்சியிருக்கும்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் இதற்குப் பெயர் வைத்தார். காக்கஸ் என்றால் கிரேக்கத்தில் தானியமணி. ஹெஸ்பெரிடம் என்பது கிரேக்கக் கதையில் பொன் ஆப்பிள் மரத்தைக் காத்த பெண்களை நினைவூட்டும் பெயர், எலுமிச்சை இனத்தையும் அப்படிச் சொல்வதுண்டு. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியையும் அவர் காக்கஸ் என்ற இதே பேரினத்தில்தான் வைத்திருந்தார். அது பின்னர் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. இருக்கும் இடத்துக்கு ஏற்ப இதன் உருவமே மாறும். அகன்ற இலையில் அகலமாக இருக்கும், மெல்லிய தண்டில் ஒடுங்கிவிடும். ஒரே பூச்சிக்குப் பல பெயர்கள் சேர்ந்தது இதனால்தான். எனவே உறுதியாகப் பெயர் சொல்ல வேண்டுமானால் வளர்ந்த பெண் பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு உள்ளே இருப்பதைக் கரைத்து, மிஞ்சும் தோலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மூச்சுத்துளைக்கு நேராக ஓரத்தில் மூன்று முட்கள், அதில் நடு முள் நீளம். அங்கிருந்து மூச்சுத்துளைவரை மெழுகு பூசிய ஒரு பள்ளம் ஓடும். இலையோடு அப்பிக் கிடந்தும் அது மூச்சுவிடுவது அந்த வழியாகத்தான். நான் பார்த்ததிலேயே மிக அழகான உறுப்பு அது.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். முதலில் எறும்புகள் ஏறாமல் தடுங்கள். குஞ்சுகள் நடமாடும் சமயத்தில் சோப்புக் கரைசல் தெளித்தால் நன்றாகக் கேட்கும், முதிர்ந்ததை நகத்தாலேயே சுரண்டிவிடலாம். ஆனால் சுரண்டும் முன் ஒவ்வொன்றையும் பாருங்கள். சில கறுத்துப்போய் இருந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்ந்துகொண்டிருக்கலாம். வட்டமான சின்னத் துளை தெரிந்தால் குளவி ஏற்கெனவே வெளியேறிவிட்டது. அப்படிப்பட்ட இலைகளில் எதையும் தெளிக்காமல், கறுத்ததைச் சுரண்டாமல், அப்படியே விட்டுவிடுங்கள்.