சிட்டி அட்டர்னி யாருடைய வக்கீல்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நகரம். ஐந்து பேர் கொண்ட கவுன்சில். பல காலமாக சிட்டி அட்டர்னியாக, அதாவது நகரத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மூன்று சட்ட நிறுவனங்கள் விண்ணப்பித்திருக்கின்றன. நேர்காணல் மூடிய அமர்வில் நடக்குமாம். ஒரு கவுன்சிலர், "எங்கள் பேச்சைக் கேட்கிற வக்கீல் வேண்டும்" என்கிறார். இன்னொருவர், மணிக்கட்டணம் குறைவாகக் கேட்ட நிறுவனத்துக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். நம்மூரில் நகராட்சி வக்கீல் என்றால் கோர்ட்டில் வழக்கு நடத்துபவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இங்கே அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கவுன்சிலர்களோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறார். பொதுமக்களுக்குப் பேச மூன்று நிமிடம் உண்டு. நான் என்ன கேட்க வேண்டும்? கதவை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது சட்டப்படி சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

"எங்கள் பேச்சைக் கேட்கிற வக்கீல்" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். இந்தத் தேர்வில் நடக்கும் பெரிய தவறுகள் அங்கேதான் முளைக்கின்றன. சிட்டி அட்டர்னியின் கட்சிக்காரர் (கிளையன்ட்), நகரம் என்ற அமைப்பு. மேயரோ, அன்றாட நிர்வாகத்தை நடத்தும் சிட்டி மேனேஜரோ, மூன்றுக்கு இரண்டு என்று வென்ற அணியோ அவருடைய கட்சிக்காரர்கள் ஆக மாட்டார்கள். கலிஃபோர்னியாவின் வழக்கறிஞர் நடத்தை விதி 1.13 இதைச் சொல்கிறது. நகர அதிகாரி ஒருவர் சட்டத்தை மீறுகிறார், அதனால் நகரத்துக்குப் பெரிய கேடு வரும் என்று வக்கீலுக்குத் தெரிந்தால், விஷயத்தை மேலே, தேவைப்பட்டால் முழுக் கவுன்சில் வரை கொண்டுபோக வேண்டும். ஆனால் வெளியே வந்து உங்களிடமோ பத்திரிகையிடமோ சொல்லக்கூடாது. ரகசியம் காக்கும் கடமை அங்கே மிகக் கடுமையானது. ஆகவே அவருடைய எச்சரிக்கை போய்ச் சேரக்கூடிய ஒரே இடம் அந்த ஐந்து பேர்தான். அந்த வழி அடைபட்டுவிட்டால், நகரத்துக்கு வக்கீல் இருந்தும் இல்லாத மாதிரி.

லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள பெல் நகரத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத, வசதி குறைந்த ஊர். 2010இல் அதன் சிட்டி மேனேஜர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கியது வெளியே வந்தது. பகுதிநேரக் கவுன்சிலர்கள் ஒரு லட்சம் டாலர் அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடங்கள் முழுக்க அந்நகருக்கு ஒரு சட்ட நிறுவனம் இருந்தது, கூட்டங்களில் வக்கீலும் இருந்தார். மேனேஜர் சிறைக்குப் போனார். பின்னால் நகரமே தன் முன்னாள் வக்கீல் மீது வழக்குப் போட்டது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ போன்ற நகரங்களில் சிட்டி அட்டர்னியை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சிறு நகரங்களில் பெரும்பாலும் கவுன்சில் நியமிக்கிறது, அதுவும் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தமாக. தனிச் சாசனம் இல்லாமல் மாநிலப் பொதுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நகரங்களில், அவர் கவுன்சிலின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்க முடியும். மூன்று ஓட்டு போதும், காரணம் சொல்லாமல் அனுப்பிவிடலாம். "முடியாது" என்று சொல்ல வேண்டியவரின் பிழைப்பு, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் கையிலேயே இருக்கிறது. தேர்வும் ஒப்பந்தமும் இந்தச் சிக்கலை ஈடுகட்டும்படி அமைய வேண்டும்.

மூடிய அமர்வு சரிதான். உள்ளாட்சிக் கூட்டங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுன் சட்டத்தின் 54957ஆவது பிரிவு, ஊழியர் நியமனத்தைக் கதவை மூடிப் பேச அனுமதிக்கிறது. நகர அதிகாரியாகவே செயல்படுகிற ஒப்பந்தக்காரரும் அங்கே ஊழியர் கணக்கில் வருகிறார். ஆனால் அந்தத் தலைப்பின் கீழ் கட்டணத்தைப் பேசக்கூடாது. கட்டணம் பேரம் பேசும் நகரப் பிரதிநிதிக்கு மூடிய அறையில் அறிவுறுத்த வேண்டுமானால், அவர் பெயரோடு அஜெண்டாவில் தனி வரி இருக்க வேண்டும். மூடிய அமர்வுக்குள் போகுமுன் உங்களைப் பேச விட வேண்டும். நியமனம் உள்ளே முடிவானால் வெளியே வந்து அறிவிக்க வேண்டும். ஒப்பந்தம் திறந்த கூட்டத்தில் ஓட்டுக்கு வர வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா ஒட்டப்படும். ஒப்பந்த நகலும் அதோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேர அறிவிப்பு போதும், எனவே சிறப்புக் கூட்டத்தில் இதை வைக்காதீர்கள் என்று இப்போதே கேளுங்கள்.

விண்ணப்பங்களைச் சலிக்க இரண்டு கவுன்சிலர்கள் கொண்ட தற்காலிகக் குழு அமைப்பது வழக்கம். ஐந்தில் இரண்டு பேர் பெரும்பான்மை ஆகாது என்பதால் அது தனியே கூடலாம். அந்த இருவரில் ஒருவர் மூன்றாமவருக்கு ஃபோன் போட்டு, "நம்ம மூணு பேருக்கும் இந்தக் கம்பெனிதானே?" என்று கேட்டுவிட்டால் அது சட்டவிரோதத் தொடர்கூட்டம், அதாவது பெரும்பான்மையினர் பொதுவில் கூடாமல் ஒருவர் பின் ஒருவராகப் பேசி முடிவெடுப்பது. மின்னஞ்சலில் 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்தியே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கவுன்சிலுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் சிட்டி அட்டர்னி. விண்ணப்பித்த மூன்றில் ஒன்று ஓய்வு பெறுகிறவரின் சொந்த நிறுவனமாக இருந்தால், தேர்வு நடைமுறைக்கு அவரிடம் ஆலோசனை கேட்கக்கூடாது. அதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒருவரைச் சில மணி நேரத்துக்கு அமர்த்துவது பெரிய செலவில்லை.

கட்டணத்துக்கு வருவோம். சாலை போடுகிற டெண்டர் போல இங்கே குறைந்த விலைக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கற்பனையாக ஒரு கணக்கு போடுகிறேன். முதல் நிறுவனம் மாதம் 40 மணி நேரப் பொது வேலைக்கு 9,000 டாலர் கேட்கிறது. அதற்கு மேல் மணிக்கு 240, வழக்கு வேலைக்கு 290. இரண்டாம் நிறுவனம் எல்லாவற்றுக்கும் 270, பயண நேரத்துக்குப் பணம் இல்லை. மாதம் 55 மணி பொது வேலையும் 30 மணி வழக்கு வேலையும் வந்தால், முதல் நிறுவனத்துக்கு 21,300 டாலர், இரண்டாவதுக்கு 22,950. முதலாவதே மலிவு. ஆனால் அதன் வக்கீல் ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவிலிருந்து மாதம் இரண்டு கூட்டத்துக்கு வந்துபோகிறார், பயணமும் பில்லில் ஏறுகிறது என்றால் 6 மணி, 1,440 டாலர் கூடும். ஐந்து மணி நேர கோர்ட் வேலைக்கு ஒருவருக்குப் பதில் இருவர் போனால் இன்னும் 1,450. மொத்தம் 24,190. மணிக்கட்டணத்தை மட்டும் பார்த்து ஓட்டுப்போடுகிற கவுன்சிலர் கண்ணில் இந்த வித்தியாசம் படவே படாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, எது 'பொது வேலை', எது 'சிறப்பு வேலை' என்ற வரையறையில் இருக்கிறது. கூட்டங்களுக்கு வருவது, நிலப் பயன்பாட்டைக் கவனிக்கும் நகரத் திட்டக் கமிஷனுக்கு ஆலோசனை, நகரச் சட்டங்கள் எழுதுவது, ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது, தகவல் கேட்டு வரும் மனுக்கள் இவையெல்லாம் பொது வேலை என்று பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். "சிக்கலான விஷயங்கள் சிறப்புக் கட்டணத்தில்" என்று பொத்தாம்பொதுவாக விட்டால் ஆறு மாதத்தில் எல்லாமே சிக்கலாகிவிடும். பில் ஆறு நிமிடக் கூறுகளாக, வழக்கு வாரியாக, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நேரத்தோடு வர வேண்டும். நாலு வேலையைச் சேர்த்து 7.5 மணி என்று ஒரே வரியில் எழுதுவதை ஒப்பந்தத்திலேயே தடுக்கலாம்.

பணம் சம்பந்தமான இன்னொரு ஆபத்து முரண்நலன். கலிஃபோர்னிய அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 1090ஆவது பிரிவு, அரசுப் பொறுப்பில் உள்ளவர் தனக்கு ஆதாயமுள்ள அரசு ஒப்பந்தத்தை உருவாக்குவதில் பங்கெடுக்கக்கூடாது என்கிறது. ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் உள்ள சேங்கர் ஒரு சிறு நகரம். அதன் ஒப்பந்த வக்கீல், நகரத்துக்காக ஒரு வழக்கை நடத்த வெளி நிறுவனம் ஒன்றை ஏற்பாடு செய்து, அந்தக் கட்டணத்தில் தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டார். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இந்தப் பிரிவின் மீறல் என்றது. உங்கள் நகரம் வழக்காடுவதா, சமரசம் செய்வதா என்று ஆலோசனை சொல்பவரின் நிறுவனமே அந்த வழக்கை நடத்திச் சம்பாதிக்கும் என்றால், அதில் சட்டமீறல் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். குறிப்பிட்ட தொகையைத் தாண்டும் வழக்குகளில் வேறு நிறுவனத்தின் இரண்டாவது கருத்து கட்டாயம் என்று எழுதிக்கொள்வது நல்லது. விபத்து, காயம் போன்ற நஷ்டஈட்டு வழக்குகளில் சிறு நகரங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் காப்பீட்டு அமைப்பே பெரும்பாலும் வக்கீலை அமர்த்தும். உங்கள் நகரம் அப்படி ஒன்றில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், செலவுக் கணக்கே மாறும்.

பக்கத்து நகரம், குடிநீர் வாரியம், பள்ளி மாவட்டம், உங்கள் ஊரில் நிலம் வைத்திருக்கிற கட்டுமான நிறுவனம், இவர்களில் யாருக்கெல்லாம் இந்த மூன்று நிறுவனங்களும் வேலை செய்கின்றன என்ற பட்டியலையும் கேட்க வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டில் பக்கத்து ஊரோடு தகராறு வரும் நாளில் வக்கீல் இரண்டு பக்கமும் நிற்க முடியாமல் விலகிக்கொள்வார். புதிதாக ஒருவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும் செலவு உங்கள் வரிப்பணம்.

நிறுவனத்தின் அளவும் ஒரு காரணத்துக்காக முக்கியம். ஒருவருடைய அனுமதியை ரத்து செய்யும் விசாரணையில் கவுன்சில் நீதிபதி மாதிரி உட்காருகிறது. அங்கே நகர ஊழியர் தரப்புக்காக வாதாடும் வக்கீலே கவுன்சிலுக்கும் காதில் ஆலோசனை சொல்லக்கூடாது. 2003இல் பெவர்லி ஹில்ஸ் நகரம் இதே மாதிரியான தவறால் ஒரு வழக்கில் தோற்றது. இரண்டே வக்கீல்கள் உள்ள, அதில் ஒருவர் மற்றவருக்குக் கீழே வேலை செய்கிற அலுவலகத்தில் இந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவது கடினம். அப்படிப்பட்ட நிறுவனத்தை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நாளில் யாரை அழைப்பார்கள் என்று முன்பே சொல்லச் சொல்லுங்கள்.

குப்பை, வேலி, கோழி வளர்ப்பு போன்ற விதிமீறல்களை யார் கையாள்வது என்பதில் எனக்கு மனம் கொதிக்கிறது. தெற்கு கலிஃபோர்னியாவில் இண்டியோ, கோச்செல்லா நகரங்கள் இந்த வேலையை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தன. சில நூறு டாலர் அபராதம் கட்டி முடித்தவர்களுக்கு, வழக்கு நடத்திய செலவு என்று ஆயிரக்கணக்கான டாலர் பில் போனது. எதிர்ப்பு எழுந்து, 2018இல் மாநிலம் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. விதிமீறல் வழக்கில் தங்கள் வருமானம் எதைப் பொறுத்தது என்று ஒவ்வொரு நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும்.

நேர்காணலில் கவுன்சில் கேட்க வேண்டியவற்றில் இரண்டை நீங்கள் மைக்கில் சொல்லலாம். ஒன்று: ஒரு கவுன்சிலர் தனியாக ஃபோன் செய்து சட்டக் கருத்துக் கேட்டால் அதை மற்ற நால்வருக்கும் தெரிவிப்பீர்களா? "தெரிவிப்பேன்" என்பதே சரியான பதில். இரண்டு: பெரும்பான்மை விரும்பியதைச் சட்டவிரோதம் என்று எழுத்தில் சொன்னதுண்டா, அதன்பின் அந்த நகரத்தில் எவ்வளவு காலம் நீடித்தீர்கள்? ஊர்ப் பெயர் சொல்லாமலே இதற்குப் பதில் சொல்ல முடியும். விசாரிக்கும்போது, நிறுவனம் தருகிற ஊர்களோடு அதை விட்டு விலகிய ஊர்களையும் கூப்பிட வேண்டும்.

உங்கள் மூன்று நிமிடத்தில் மீதி இருப்பதை ஒப்பந்தத்துக்குச் செலவிடுங்கள். அட்டர்னியாக வரப்போகிறவரின் பெயர் அதில் இருக்க வேண்டும், கவுன்சில் சம்மதமின்றி ஆள் மாறக்கூடாது. நேர்காணலுக்கு மூத்த பங்குதாரர் வந்து, கூட்டத்துக்கு இளையவர் வருவது சாதாரணமாக நடக்கிற விஷயம். சிட்டி மேனேஜரைத் தாண்டி அவர் நேரே கவுன்சிலிடம் பேச உரிமை வேண்டும். ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளின் மாதாந்திர சட்டச் செலவைத் தகவல் மனு போட்டு இன்றே கேளுங்கள். 10 நாளில் முதல் பதில் வர வேண்டும். நடப்பு வழக்குகளின் விவரமான பில்லைத் தர மறுக்கலாம், அதனால் மொத்தத் தொகைகளைக் கேட்பதே பயன் தரும்.

கடைசியாக, பொறுப்பு கைமாறும் வாரங்கள். நகரத்தின் மீது நஷ்டஈடு கேட்டு வரும் மனுவை நகரம் முறைப்படி எழுத்தில் நிராகரித்தால், மனுதாரர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கடிதம் சரியாகப் போகாவிட்டால் சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுவரை அவகாசம் கிடைத்துவிடும். குடிமக்கள் வாக்கெடுப்புக்கு மனு கொடுத்தால், அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் சிட்டி அட்டர்னி 15 நாளில் எழுதித் தர வேண்டும். பழையவர் போய்ப் புதியவர் வராத இடைவெளியில் இவையெல்லாம் தவறிப்போகும். எனவே பழைய நிறுவனம் நிலுவை வழக்குகள், நஷ்டஈட்டு மனுக்கள், ஒவ்வொன்றின் கெடு தேதி ஆகியவற்றை ஒரே பட்டியலாக எழுதி, கோப்புகளோடு ஒப்படைக்க வேண்டும். கோப்புகள் நகரத்துக்குச் சொந்தம், பில் பாக்கி என்று பிடித்துவைக்க முடியாது. ஒப்படைக்கும் தேதி என்ன, அதுவரை பொறுப்பு யாருடையது என்று நகர ஆவணங்களுக்குப் பொறுப்பான சிட்டி கிளார்க்கிடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.